எரிந்த ரீல், செல்லரித்த ஏடு: பழைய படங்களும் புத்தகங்களும் பிழைத்த கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்தை இன்று யாராலும் பார்க்க முடியாது. காஃப்காவின் நாவல்களை உலகமே படிக்கிறது, அவரோ அவற்றை எரித்துவிடச் சொன்னவர். எது மிஞ்சும், எது தொலையும் என்பதைத் தரம் தீர்மானிப்பதில்லை. எங்கோ ஒரு மூலையில் இன்னொரு பிரதி கிடந்ததா என்பதுதான் பெரும்பாலும் விஷயம். இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

‘காளிதாஸ்’ படத்தை எங்கே பார்க்கலாம்?

எங்கேயும் பார்க்க முடியாது. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான படம். எச். எம். ரெட்டி இயக்கினார், டி. பி. ராஜலட்சுமி கதாநாயகி. ராஜலட்சுமி தமிழில் பேச, எதிரே நிற்பவர் தெலுங்கில் பதில் சொல்வார். அப்படியும் கூட்டம் அலைமோதியது. அதன் ஒரு ரீல்கூட இன்று இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் வந்த இந்தியாவின் முதல் பேசும்படம் ‘ஆலம் ஆரா’வும் இல்லை. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ மௌனப்படமும் இல்லை.

இப்படித் தொலைந்த படங்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் காகிதம் வழியே வந்தது: பத்திரிகை விளம்பரம், விமர்சனம், தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். மெல்லிய தாளில் அச்சடித்த அந்தப் புத்தகத்தில் நடிகர் பட்டியல், பாட்டுகள், கதைச் சுருக்கம் எல்லாம் இருக்கும். கதையின் முடிவை மட்டும் சொல்லாமல் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடுவார்கள். படம் அழிந்து பாட்டுப் புத்தகம் மட்டும் மிஞ்சிய இடங்களில் அந்த வரியைப் படிக்கும்போது மனசு கனக்கிறது.

பழைய படங்கள் ஏன் இப்படி மொத்தமாகப் போயின?

முதல் காரணம் ஃபிலிமே. 1950-களின் தொடக்கம் வரை படச்சுருள் நைட்ரேட் என்ற பொருளில் செய்யப்பட்டது. அது வெடிமருந்துக்கு நெருங்கிய உறவு. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால், பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் அணையாது. 1937-இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெர்ரியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தபோது, அந்த நிறுவனத்தின் மௌனப்படங்களில் பெரும்பகுதி ஒரே இரவில் போய்விட்டது.

தீப்பிடிக்காவிட்டாலும் அது தானாகவே கெடும். முதலில் படம் மங்கும். பிறகு சுருள் பிசுபிசுக்கும். கொப்புளம் கிளம்பும், சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கடைசியில் டப்பாவைத் திறந்தால் பழுப்பு நிறப் பொடிதான் இருக்கும். நம் ஊர் வெயிலும் ஈரக்காற்றும் இதைத் துரிதப்படுத்தின.

இரண்டாவது காரணம் மனிதர்கள். ஓடி முடிந்த படத்துக்கு அன்று மதிப்பே கிடையாது. டிவி இல்லை, மறுவெளியீட்டு வாய்ப்பும் குறைவு. பெட்டியை வைத்திருந்தால் கிடங்கு வாடகைதான் ஏறும். ஃபிலிமில் வெள்ளி இருக்கிறது, உருக்கினால் காசு. அதனால் உருக்கினார்கள்.

எவ்வளவுதான் மிஞ்சியிருக்கிறது?

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் வெளிவந்த சுமார் 11,000 முழுநீள மௌனப்படங்களில் வெறும் 14 சதவீதம்தான் வெளியான வடிவிலேயே முழுமையாக இருக்கிறது. இந்தியாவின் நிலை அதைவிட மோசம். புனே திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல்தான் தொடங்கியது. அதைக் கட்டி எழுப்பிய பி. கே. நாயர் ஊர் ஊராக அலைந்து திரட்டியிருக்காவிட்டால், இந்தியச் சினிமாவின் முன்னோடி பால்கேயின் படங்களில் இன்று நாம் பார்க்கும் துண்டுகள்கூடக் கிடைத்திருக்காது.

ராக்கெட் நிலாவின் கண்ணில் குத்துமே, அந்தப் படத்தை எடுத்தவரே எரித்தார் என்பது உண்மையா?

உண்மை. ஜார்ஜ் மெலியெஸ் 1902-இல் எடுத்த நிலாப் பயணப் படம் அது, ஏறக்குறைய 14 நிமிடம். ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் பெண்கள் கையால் வண்ணம் தீட்டிய பிரதிகளும் விற்பனைக்கு வந்தன. உலகம் முழுக்கத் திருட்டுப் பிரதி ஓடியது, சம்பாதித்தது மற்றவர்கள். முதல் உலகப் போரின்போது அவருடைய படச்சுருள்களில் ஒரு பகுதியைப் பிரெஞ்சு ராணுவம் எடுத்து உருக்கியது, பூட்ஸ் குதிகால் செய்வதற்காக. கடனில் மூழ்கிய மெலியெஸ் 1923-இல், தன்னிடம் மிஞ்சியிருந்த நெகட்டிவ்களைத் தானே கொளுத்தினார். பிறகு பாரிஸ் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக் கடையில் உட்கார்ந்திருந்தார்.

வண்ணப் பிரதி அறவே போய்விட்டது என்றே நினைத்தார்கள். 1993-இல் ஒன்று பார்சிலோனாவில் வெளிப்பட்டது. கட்டியாக இறுகிப்போயிருந்த அந்தச் சுருளைப் பிரித்தெடுத்துச் சீர்செய்து 2011-இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். அவர் காலத்தில் அவரிடம் காசு கொடுக்காமல் பிரதி எடுத்தவர்களும் சேர்ந்துதான் இன்று அவர் படங்களைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இதை ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

மனநல மருத்துவமனை அலமாரியில் கிடைத்த படம் எது?

டென்மார்க்கின் கார்ல் டிரையர் 1928-இல் ஜோன் ஆஃப் ஆர்க் பற்றி எடுத்த மௌனப்படம். ஃபால்கனெட்டி என்ற நடிகையின் முகத்தை அருகில் வைத்தே கதை முழுக்க நகரும். அந்த ஆண்டு டிசம்பரில் பெர்லினில் நடந்த தீவிபத்தில் மூல நெகட்டிவ் போனது. டிரையர் தளரவில்லை. படத்தில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்த ஷாட்களைக் கொண்டு முழுப் படத்தையும் மறுபடி தொகுத்தார். அந்த நெகட்டிவும் 1929-இல் வேறொரு தீயில் போனது. 1968-இல் அவர் காலமானபோது, தான் முதலில் தொகுத்த வடிவம் பூமியிலேயே இல்லை என்ற எண்ணத்தோடுதான் போயிருப்பார்.

1981-இல் நார்வேயின் ஆஸ்லோவுக்கு அருகில் டிகெமார்க் மனநல மருத்துவமனையில் ஓர் அலமாரியைச் சுத்தம் செய்தபோது சில ஃபிலிம் டப்பாக்கள் அகப்பட்டன. உள்ளே இருந்தது தணிக்கைக் கத்தரி படாத முதல் வடிவம். அது அங்கே எப்படி வந்தது என்பதற்குச் சரியான பதில் கிடையாது.

‘மெட்ரோபொலிஸ்’ முழுப்படம் அர்ஜென்டினாவுக்கு எப்படிப் போனது?

ஃபிரிட்ஸ் லாங்கின் படம் 1927 ஜனவரியில் பெர்லினில் வெளியானபோது சுமார் இரண்டரை மணி நேரம் ஓடியது. நீளம் அதிகம் என்று உடனே வெட்டிவிட்டார்கள். வெட்டுவதற்கு முன்பே ஓர் அர்ஜென்டினா விநியோகஸ்தர் முழுப்பிரதியை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அது கைமாறிக் கைமாறி, நைட்ரேட் ஆபத்து என்பதால் 16 மி.மீ. சுருளில் நகலெடுக்கப்பட்டு, புவனோஸ் ஐரிஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் கிடந்தது. 2008-இல்தான் அதை எடுத்துப் பார்த்தார்கள். காணாமல் போன காட்சிகளில் சுமார் 25 நிமிடம் உள்ளே இருந்தது. 2010-இல் பெர்லினில் மறுபடி திரையிட்டார்கள். சேர்த்த காட்சிகளில் மழை பெய்வதுபோலக் கீறல்கள் தெரியும். அந்தக் கீறலைப் பார்த்தே எந்தக் காட்சி அர்ஜென்டினாவிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

பனிக்கு அடியில் புதைந்த ஃபிலிம்கள்?

கனடாவின் வடமேற்கு மூலையில் டாசன் சிட்டி என்ற தங்கவேட்டை ஊர். பட விநியோகப் பாதையின் கடைக்கோடி அது. ஓடி முடிந்த பெட்டியைத் திருப்பி அனுப்பும் செலவு அதன் மதிப்பைவிட அதிகம் என்று கம்பெனிகள் அங்கேயே விட்டுவிட்டன. 1929-இல் பழைய நீச்சல் குளத்தை மூட மண்ணோடு ஃபிலிம் சுருள்களையும் கொட்டினார்கள். 1978-இல் கட்டட வேலைக்குத் தோண்டியபோது 500-க்கும் மேற்பட்ட ரீல்கள் வெளியே வந்தன. உறைபனிதான் அவற்றைக் காப்பாற்றியது.

ஒரு படத்தை அழிக்கச் சொல்லிக் கோர்ட்டே உத்தரவிட்டதாமே?

1922-இல் ஜெர்மனியில் முர்னாவ் ‘நோஸ்ஃபெராட்டு’ எடுத்தார். கதை பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897), ஆனால் அனுமதி வாங்கவில்லை. டிராகுலா பிரபு என்ற பெயரை ஓர்லோக் பிரபு என்று மாற்றினால் போதும் என நினைத்தார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் வழக்குப் போட்டார். தயாரிப்பு நிறுவனம் திவாலாகிவிட்டதால் நஷ்டஈடு வராது என்று தெரிந்ததும், பிரதிகள் அனைத்தையும் அழிக்கும்படி கேட்டார். 1925-இல் கோர்ட் அப்படியே உத்தரவிட்டது. அதற்குள் சில பிரதிகள் வெளிநாடு போய்விட்டன. அவற்றிலிருந்து முளைத்ததுதான் இன்று நாம் பார்க்கும் படம். சூரிய ஒளி பட்டால் ரத்தக்காட்டேரி செத்துவிடும் என்று எல்லோரும் நம்புகிறோமே, அது இந்தப் படத்திலிருந்து வந்தது. ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலில் சாதாரணமாக நடமாடுவான்.

இதற்கு நேர் எதிரான வழக்கு கேரளத்தில் நடந்தது. சி. வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்ட வர்மா’ நாவலை 1933-இல் மௌனப்படமாக எடுத்து வெளியிட்டார்கள். நாவலின் உரிமை தங்களுடையது என்று பதிப்பாளரான கமலாலயா புக் டெப்போ கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது. தயாரிப்பாளர் நொடித்துப்போனார். படப்பெட்டி மட்டும் பதிப்பகத்தாரிடமே பத்திரமாக இருந்தது. ஊர் ஊராக ஓடித் தேய்ந்து போகவில்லை, யாரும் வெள்ளிக்கு உருக்கவும் இல்லை. 1974-இல் புனே காப்பகம் அதைப் பெற்றது. தென்னிந்தியாவின் மௌனப்படங்கள் எல்லாம் போன பிறகு, தடை செய்யப்பட்ட படம் மட்டும் தங்கிவிட்டது. அந்தத் தயாரிப்பாளரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

சத்யஜித் ராயின் அபு படங்கள் எரிந்துபோனவைதானே?

நெகட்டிவ்கள் 1993-இல் லண்டனில் ஒரு லேபில் ஏற்பட்ட தீயில் கருகின. ஆனால் கருகியதை யாரும் குப்பையில் போடவில்லை. ஆஸ்கர் விருது வழங்கும் அமெரிக்க அகாடமியின் காப்பகம் அந்தத் துண்டுகளை வாங்கி வைத்துக்கொண்டது. இருபது ஆண்டு கழித்து இத்தாலியின் பொலோன்யாவில் நிபுணர்கள் அவற்றுக்கு மறுபடி ஈரப்பதம் ஏற்றி, ஒட்டியதைப் பிரித்து, அறுந்த ஓரத் துளைகளைக் கையால் சரிசெய்தார்கள். அந்தக் கைவேலை ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் பிடித்தது. ‘பதேர் பாஞ்சாலி’யில் சுமார் 40 சதவீதமும், ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே மீண்டன. மீதியை மற்ற பிரதிகளிலிருந்து எடுத்தார்கள். 2015-இல் புதுப்பித்த பிரதிகள் வெளிவந்தன. வாய்ப்புக் கிடைத்தால் இந்தப் பிரதிகளையே தேடிப் பாருங்கள்.

காஃப்கா எரிக்கச் சொன்னதை நண்பர் ஏன் எரிக்கவில்லை?

எரிக்கமாட்டேன் என்று மாக்ஸ் பிராட் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாராம். அது தெரிந்தும் காஃப்கா வேறு ஆளை நியமிக்கவில்லை என்பதே பிராடின் வாதம். 1924-இல் காஃப்கா இறந்தார், அடுத்த ஆண்டே ‘விசாரணை’ நாவல் வெளியானது. 1939 மார்ச்சில் நாஜிகள் பிராகுக்குள் நுழைந்தபோது, பிராட் அந்தக் கையெழுத்துப் பிரதிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு பாலஸ்தீனத்துக்குத் தப்பினார். அவரை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

ரோமில் இதற்கு முன்னோடியே உண்டு. வெர்ஜில் கி.மு. 19-இல் சாகும்போது, முடிக்காத தன் காவியத்தை எரிக்கச் சொன்னார். பேரரசர் அகஸ்டஸ் அதைத் தடுத்து வெளியிட வைத்தார். ‘ஈனியட்’ நமக்குக் கிடைத்தது அப்படித்தான்.

எழுதிய பிரதி தொலைந்து, மறுபடி எழுதிய எழுத்தாளர்கள் உண்டா?

உண்டு. தாமஸ் கார்லைல் பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றின் முதல் பாகத்தை எழுதி, நண்பர் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் படிக்கக் கொடுத்தார். 1835 மார்ச்சில் முகம் வெளிறிப்போய் வந்து நின்றார் மில். வேலைக்காரப் பெண் கழிவுத்தாள் என்று நினைத்துத் தீயிலிட்டுவிட்டாள். கார்லைல் தன் குறிப்புகளையும் ஏற்கெனவே கிழித்துப்போட்டிருந்தார். மில் தந்த 200 பவுண்டில் 100 மட்டும் வாங்கிக்கொண்டு முதலிலிருந்து எழுதினார். 1837-இல் வந்த அந்த நூல்தான் அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

ஹெமிங்வேக்கு நேர்ந்தது வேறு மாதிரி. 1922 டிசம்பரில் அவர் மனைவி ஹாட்லி அவருடைய எழுத்தையெல்லாம் ஒரு பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பாரிஸ் ரயில் நிலையத்தில் பெட்டி திருடுபோனது. கார்பன் பிரதிகளையும் அதே பெட்டிக்குள் வைத்திருந்தார். தப்பியவை வீட்டில் இல்லாத கதைகளும் மேசை டிராயரில் கிடந்ததும்தான். ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ கையெழுத்துப் பிரதியில் பாதியை 1936-இல் அவர் வளர்த்த நாய்க்குட்டி கடித்துத் தின்றுவிட்டது. அவர் உட்கார்ந்து மறுபடி எழுதினார்.

பழைய எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகம் ஒரே இரவில் எரிந்ததா?

இல்லை. கி.மு. 48-இல் சீசர் துறைமுகத்தில் வைத்த தீ ஒரு பகுதியைப் பாதித்திருக்கலாம். அதற்கு நூறாண்டு முன்பே ஓர் அரசன் அறிஞர்களை விரட்டிவிட்டான். பணம் குறைந்தது, ஆள் குறைந்தது. பாப்பிரஸ் சுருளை அவ்வப்போது நகலெடுக்காவிட்டால் தானாக மட்கும். கவனிப்பாரற்றுப் போனதே அதன் முடிவு.

தீ காப்பாற்றிய நூலகமும் ஒன்று உண்டு. கி.மு. 612-இல், இன்றைய ஈராக்கில் இருந்த நினிவே நகரம் வீழ்ந்து எரிந்தபோது, அசுர்பனிபால் மன்னரின் களிமண் பலகைகள் அந்தச் சூட்டில் சுட்ட செங்கல்லாக இறுகின. 1872-இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜார்ஜ் ஸ்மித் அவற்றில் பெருவெள்ளக் கதையைப் படித்துக் கண்டுபிடித்தார். ‘கில்காமேஷ்’ காவியம் உலகுக்குத் திரும்பி வந்தது அப்படித்தான். ஸ்மித் காலேஜ் படித்தவர் அல்லர். பணத்தாள் அச்சுக்கு உருவம் செதுக்கும் வேலை கற்றவர், சாப்பாட்டு இடைவேளையில் மியூசியத்துக்குப் போய்ப் படித்தவர்.

ஓலைச் சுவடிகளை ஆற்றில் விட்டது, தீயில் போட்டது எல்லாம் உண்மையா?

உண்மைதான். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணபாண்டியர் சேர்த்துவைத்த ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே.சாமிநாதையர் தேடிப் போனார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஆகமத்தில் அப்படி இருக்கிறது என்றும் காரணம் சொன்னார்கள். ஆடிப் பதினெட்டில் சுவடிகளை நீரில் விட்ட கதையையும் அவர் எழுதியிருக்கிறார். இதைச் செய்தவர்களுக்குத் தமிழ் மீது பகை கிடையாது. எழுத்து தெய்வம், குப்பையில் போடக்கூடாது, நீரிலோ நெருப்பிலோ சேர்ப்பதுதான் மரியாதை என்று நம்பினார்கள். முன்பெல்லாம் ஏடு பழசானால் புது ஓலையில் பெயர்த்தெழுதிவிட்டுத்தான் பழையதைக் கழிப்பார்கள். எழுதுவது நின்றுபோனது, கழிப்பது மட்டும் தொடர்ந்தது. சேதம் அங்கேதான் நேர்ந்தது.

யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தபோது (1887) தன் கையிலிருந்த ஏட்டின் கதியை விவரித்திருக்கிறார். எடுத்தால் ஓரம் உதிரும், கட்டை அவிழ்த்தால் இதழ் முறியும், புரட்டினால் துண்டு துண்டாகப் பறக்கும், எழுத்தின் மேலெல்லாம் பூச்சி உழுதிருக்கும். அதே 1887-இல் உ.வே.சா.வின் சீவக சிந்தாமணி வந்தது. 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், உ.வே.சா. படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழையும் கேட்டு வியக்காமல், சிந்தாமணி தெரியுமா என்று கேட்டதில் தொடங்கியது அது. சமண நூல் என்பதால் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்ப் பொருள் கேட்டார், சைவ மடத்தில் தமிழ் படித்த உ.வே.சா. பிறகு பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894. ‘யாதும் ஊரே’ என்று இன்று மேடைதோறும் சொல்கிறோமே, அச்சில் அதற்கு வயது இன்னும் நூற்றைம்பது ஆகவில்லை.

தமிழில் முதலில் அச்சான புத்தகம் இப்போது எங்கே?

தமிழ் எழுத்தில் கொல்லத்தில் 1578-இல் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, 16 பக்கம். என்றிக்கே என்றீக்கசு பாதிரியார் மொழிபெயர்த்தது. அறியப்பட்ட பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

யாழ்ப்பாண நூலகத்தில் போனது எதுவும் திரும்பிக் கிடைத்ததா?

1981 மே 31 இரவு கொளுத்தப்பட்டபோது 97,000 நூல்களும் ஏடுகளும் அங்கே இருந்தன. வேறிடங்களில் பிரதி இருந்த அச்சு நூல்களை மீண்டும் சேர்க்க முடிந்தது. ஒற்றைப் பிரதியாக இருந்த சுவடிகளுக்கு மாற்றே இல்லை. கட்டடம் பின்னர் எழும்பியது. 2005 முதல் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறது. இனி ஒரு தீ வந்தாலும் அவை ஓரிடத்தில் மட்டும் இல்லை.

எங்கள் வீட்டுப் பரணில் பழைய ஏடு, பாட்டுப் புத்தகம், ஃபிலிம் சுருள் கிடக்கிறது. என்ன செய்வது?

முதலில் எதையும் கழுவாதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள், லாமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். ஒட்டிய ஓலையை இழுத்துப் பிரிக்க வேண்டாம். ஈரமில்லாத, வெளிச்சம் குறைந்த இடத்தில் வைத்து, தெரிகிற பக்கங்களை போனில் படம் எடுத்து, அந்தப் படங்களை இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஃபிலிம் டப்பாவில் வினிகர் வாடை வந்தால் அதை மற்றச் சுருள்களிலிருந்து தள்ளிவையுங்கள். 1950-களின் தொடக்கம் வரையிலான சுருளாக இருந்தால் அடுப்பு, விளக்கு பக்கமே கொண்டுபோகாதீர்கள், புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். சுவடி என்றால் சென்னையில் அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் உ.வே.சா. நூலகமும் இருக்கின்றன. ஃபிலிமுக்குப் புனே காப்பகம். பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், பழைய பத்திரிகை எதுவானாலும் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் போர்டு எழுதிப் பிழைத்த ஒரு மனிதர், மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் ஆயுள் முழுக்க வாங்கிச் சேர்த்துவைத்ததுதான் அந்த நூலகத்தின் அடித்தளம். அன்பளிப்பாகத் தர மனமில்லை என்றால், ஸ்கேன் செய்துகொண்டு திருப்பித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.